காசும் கேஷும் கணக்கப்பிள்ளையும்

ஆங்கில அகராதியில் தமிழ்ச் சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருக்கும் தெரு ஒன்று உண்டு. கொல்கத்தாவுக்கு லேக் மார்க்கெட் எப்படியோ, அகராதிக்கு ‘சி’ என்ற எழுத்து அப்படி. கறி, கஞ்சி, கட்டுமரம், காசு, கூலி, சுருட்டு, சட்டி, சாயவேர், கணக்கப்பிள்ளை என்று நம்மாட்கள் வரிசையாக அங்கேதான் ஜாகை போட்டிருக்கிறார்கள். மற்ற எழுத்துகளில் இல்லாமல் இல்லை. ‘எம்’மில் மிளகுத்தண்ணி இருக்கிறது, ‘பி’யில் பந்தல் இருக்கிறது. ஆனாலும் கூட்டம் ‘சி’யில்தான்.

காரணம் எளிது. தமிழில் ‘க’வில் தொடங்கும் சொல்லும் ‘ச’வில் தொடங்கும் சொல்லும் ஏராளம். ஆங்கிலத்தில் ‘சி’ ஒன்றே இந்த இரண்டு வேலையையும் பார்க்கும். தனியாக நின்றால் பெரும்பாலும் ‘க’, பக்கத்தில் ஒரு ‘ஹெச்’ வந்து உட்கார்ந்தால் ‘ச’. இன்னொரு காரணம் போர்த்துகீசியர்கள். ஐரோப்பியர்களில் நம் கடற்கரைக்கு முதலில் வந்து கடை விரித்து, நம் சொற்களையும் எழுதிக்கொண்டவர்கள் அவர்கள்தான். அவர்கள் எழுத்துமுறையில் ‘கே’ என்ற எழுத்துக்கு வேலையே கிடையாது. ‘க’ ஓசைக்கு ‘சி’ போடுவார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் பல இடங்களில் அதையே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்னும் பிந்திப் போன சொற்கள் ‘கே’யில் கிடைக்கும். தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கங்காணி அந்தத் தெருக்காரர். நல்லதாகப் போயிற்று, அவர் பக்கத்து வீட்டில் யாருக்குத்தான் இருக்கப் பிடிக்கும் :-)

இதையெல்லாம் நான் ஏன் தோண்ட ஆரம்பித்தேன் என்றால், எங்கள் பாலிகஞ்ச் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் அதில் ஒரு பட்டியல் வரும். “ஆங்கிலமே தமிழிலிருந்துதான் வந்தது, இதோ 100 ஆதாரங்கள், தமிழனாக இருந்தால் பகிரவும்.” முதல் ஆதாரம் எப்போதும் கேஷ் என்றால் காசு. அடுத்தது கல்ச்சர் என்றால் கலாச்சாரம். (கல்ச்சர் லத்தீன். கலாச்சாரத்தின் ‘ஆச்சாரம்’ வடமொழி. இரண்டு பேருமே நம் வீட்டுக்காரர்கள் இல்லை. எப்படித்தான் பட்டியலில் நுழைந்தார்களோ!)

பெரியவர்கள் படித்துவிட்டு கும்பிடு பொம்மை போட்டு நகர்ந்துவிடுவோம். குழந்தைகள் அப்படி இல்லை. எங்கள் குடியிருப்பில் எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் இந்தப் பட்டியலை அப்படியே பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் ஒப்பித்தான். எதிர்த்தரப்பில் இருந்த வங்காளிப் பெண் நிதானமாக அகராதியைத் திறந்து மூன்று சொற்களுக்கு வேர் படித்துக் காட்டினாள். மூன்றும் தமிழ் இல்லை. பையன் வீட்டுக்கு வந்து, “அப்பா, அப்ப தமிழ்லேருந்து எதுவுமே போகலையா?” என்று கேட்டிருக்கிறான். எனக்கு வலித்தது அந்தக் கேள்விதான். எவ்வளவோ போயிருக்கிறது. பொய்க் கணக்கை நடுவில் கலந்ததால் உண்மைக் கணக்கும் சேர்ந்து தள்ளுபடி ஆகிவிட்டது.

நான் பி.காம். படித்த ஆள், மொழியியல் என் துறை இல்லை. ஆனால் வங்கியில் இத்தனை வருஷம் உட்கார்ந்ததில் ஒரு விஷயம் ரத்தத்தில் ஊறிவிட்டது. பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஆள் ஒன்று ஆகிவிடாது. கொல்கத்தாவில் ‘எஸ். பானர்ஜி’ என்ற பெயரில் ஒரு கிளையில் எத்தனை கணக்குகள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சுப்ரதோ, சஞ்சய், சொர்ணாலி, சுதீப்தா... எழுத்தைப் பார்த்துப் பணம் கொடுத்தால் அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும். அப்பா பெயர், விலாசம், பழைய ரசீது, எல்லாம் பார்த்துத்தான் நகர வேண்டும். சொல்லுக்கும் அதே கே.ஒய்.சி. தான் :-)

இதற்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம், எங்கள் பேட்டையின் பெயரே போதும். பாலிகஞ்ச் என்பதை வெள்ளைக்காரன் எழுதிய எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் முதல் ஐந்து எழுத்து அயர்லாந்துக்காரன் மாதிரியே இருக்கும். அயர்லாந்தில் அதே ஐந்து எழுத்தில் தொடங்கும் ஊர்கள் கணக்கில்லாமல் உண்டு. அங்கே அது ஊர், குடியிருப்பு என்று பொருள்படும் ‘பாலே’ என்ற ஐரிஷ் சொல். இங்கே ‘பாலி’ என்றால் வங்காளியில் மணல். ‘கஞ்ச்’ என்றால் சந்தை, அதன் பாரசீக மூலத்துக்குக் கருவூலம் என்றும் பொருள். வங்கிக்காரன் குடியிருக்கத் தோதான இடம்தான், ஆனால் அயர்லாந்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சொற்களின் பழைய ரசீதுக்கு என்ன செய்வது? அதற்கு ஒரு லெட்ஜர் இருக்கிறது. பெயர் ‘ஹாப்சன்-ஜாப்சன்’. 1886-ல் லண்டனில் வெளிவந்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் புழங்கிய சொற்களின் அகராதி. முஹர்ரம் ஊர்வலத்தில் “யா ஹசன், யா ஹுசைன்” என்று மக்கள் மார்பில் அடித்துக்கொண்டு போனது வெள்ளைக்காரச் சிப்பாய் காதில் ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்று விழுந்ததாம், அதையே தலைப்பாக வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே, எந்த வருஷம், யார், எந்தப் புத்தகத்தில் இதை எழுதினார் என்று தேதிவாரியாக மேற்கோள்கள் அடுக்கியிருக்கும். வவுச்சர் இணைத்த லெட்ஜர்! முதல்முறை புரட்டியபோது எனக்கு ஏதோ நம் ஆடிட்டர் எழுதின புத்தகம் மாதிரி ஒரு பாசம் வந்துவிட்டது.

தொகுத்தவர்கள் இரண்டு பேர். ஹென்றி யூல் வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்தவர், கல்கத்தாவில் பொதுப்பணித் துறையில் பெரிய பதவியில் இருந்தவர். ஆர்தர் கோக் பர்னல் சென்னை சிவில் சர்வீஸ்காரர், தஞ்சாவூரில் நீதிபதி. சரஸ்வதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர் அவர்தான். உடம்பு ஒத்துழைக்காமல் 1882-ல், 42 வயதில் இறந்துபோனார். புத்தகம் அச்சாகி வந்ததைப் பார்க்கவில்லை. கல்கத்தா ஆள் ஒருவரும் தஞ்சாவூர் ஆள் ஒருவரும் கடிதம் எழுதி எழுதிச் சேர்த்த புத்தகம் என்பதால், தஞ்சாவூரிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த எனக்கு அதன்மேல் கொஞ்சம் சொந்த உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

சரி, காசுக்கு வருவோம்.

நான் தினமும் மூட்டி முடிக்கும் கேஷ் தமிழ் இல்லை. அது இத்தாலியில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கேஸ்’, லத்தீனில் ‘காப்ஸா’. அர்த்தம் பெட்டி. பணப்பெட்டியைக் குறித்த சொல் மெல்ல பெட்டிக்குள் இருக்கும் பணத்தைக் குறிக்க ஆரம்பித்தது. கேஷியர் என்பவர் பெட்டிக்காரர். நம் ஊர்க் கடையில் ‘கல்லாவில் யாரு?’ என்று கேட்பது போலத்தான்.

ஆனால் இதே நான்கு எழுத்தில், இதே உச்சரிப்பில், ஆங்கில அகராதியில் இரண்டாவது கேஷ் ஒன்று தனிப் பதிவாக இருக்கிறது. அது நம் காசு! சின்ன மதிப்புள்ள செப்புக்காசு என்று பொருள். எப்படி இரண்டும் ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன என்பதுதான் வேடிக்கை. போர்த்துகீசியர்களுக்கும் பெட்டிக்கு அந்த லத்தீன் வழிச் சொல்தான், ‘காய்ஷா’ என்பார்கள். நம் துறைமுகத்தில் ‘காசு, காசு’ என்று காதில் விழுந்தபோது, தங்களுக்குப் பழகிய அந்தச் சொல்லின் எழுத்திலேயே அதையும் எழுதிவிட்டார்கள். பெட்டியும் காசும் ஒரே பெயரில் கப்பலேறிவிட்டன. ஆங்கிலேயர்கள் அந்த ‘காய்ஷா’வை வாங்கி கேஷ் ஆக்கினார்கள். அங்கே ஏற்கெனவே இன்னொரு கேஷ் உட்கார்ந்திருந்தார். (போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் பெரிய அரசு வங்கிகளின் பெயர் இன்றைக்கும் ‘காய்ஷா’ என்றுதான் தொடங்குகிறது. அது பெட்டி வழி வந்தது. அங்கே போய் உரிமை கொண்டாடாதீர்கள்.)

அந்த இரண்டாவது கேஷ் சும்மா அகராதியில் தூங்கிக்கொண்டிருந்த சொல் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இந்தக் கணக்கை டேலி செய்த மகானுபாவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. 1818-ல் ரூபாய் வந்து, மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்று மாற்றிய பிறகுதான் மூச்சு விட்டிருப்பார்கள்.

கம்பெனி இந்தக் காசுகளை இங்கிலாந்திலேயே அடித்து அனுப்பியது. பர்மிங்ஹாமில் மாத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் அச்சான 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் மணல்திட்டில் மோதி மூழ்கிவிட்டது. 1980-களில் அந்த இடத்திலிருந்து காசுகளை லட்சக்கணக்கில் அள்ளி எடுத்தார்கள். 1808 என்று வருஷம் போட்டு, கம்பெனியின் சிங்கமுத்திரையும் மறுபுறம் பாரசீக எழுத்துமாக இருக்கும். பழைய நாணயம் விற்பவர்களிடம் இன்றும் கிடைக்கிறது. எந்தச் சென்னைக் கடைவீதியையும் பார்க்காமலே ஆங்கிலக் கடலடியில் 170 வருஷத்துக்கு மேல் கிடந்த தமிழ்க் காசு!

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயம் பார்த்திருப்பீர்கள், கயிற்றில் கோத்து வைப்பார்கள். அதற்கு ஆங்கிலத்தில் பெயர் ‘கேஷ்’. பெட்டி கேஷ் இல்லை, நம் காசு. போர்த்துகீசியர்கள் நம் கரையில் கற்றுக்கொண்ட சொல்லைக் கிழக்கே கொண்டுபோய், அங்கே கண்ட சில்லறைக்கெல்லாம் அதே பெயரை வைத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டு வரலாறுள்ள சீன நாணயத்துக்கு ஆங்கில அருங்காட்சியகத்தில் தமிழ்ப் பெயர்.

காசு என்ற சொல்லின் வயதைப் பார்க்க தஞ்சாவூர்ப் பெரிய கோயில் சுவருக்குப் போனால் போதும். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு வந்த நன்கொடைக் காசை ஊர்ச் சபைகளிடம் முதலாகக் கொடுத்து வட்டி வாங்கியிருக்கிறார்கள். வட்டி விகிதம் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. நூற்றுக்குப் பன்னிரண்டரை! முதலைத் திருப்பவே கூடாது, சந்திரன் சூரியன் உள்ளவரை வட்டி மட்டும் வந்துகொண்டிருக்க வேண்டும். இன்றைக்கு எந்த வங்கியில் ஆயிரம் வருஷ டெபாசிட் இருக்கிறது, சொல்லுங்கள். (இந்தக் காசுக்கு வடமொழிக் ‘கர்ஷ’த்தோடு உறவு உண்டா என்பது அறிஞர்களுக்குள் தனி வழக்கு. நான் அதற்குள் போகவில்லை.)

ஆக, “கேஷ் தமிழா?” என்று உங்கள் பிள்ளை கேட்டால், “எந்தக் கேஷ்?” என்று திருப்பிக் கேளுங்கள்.

எழுத்து ஏமாற்றும் இன்னொரு இடம் கட்டுமரம். இதில் சந்தேகமே இல்லை, முழுக்க நம்முடையது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரையைச் சுற்றிய வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயணப் புத்தகத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மரங்களைக் கயிற்றால் கட்டிய தெப்பம். ஆணி கிடையாது, சென்னைக் கடலின் அலை அடிக்கு ஈடு கொடுக்கும். ஆனால் ஆங்கிலேயன் காதுக்கு முதல் மூன்று எழுத்தும் பூனை. கேட்! அப்புறம் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ‘கேட்டமரன்’ என்றால் சண்டைக்காரி என்று ஓர் அர்த்தம் முளைத்தது. பூனை மாதிரி சீறுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். 1804-ல் நெப்போலியன் படைமேல் ஏவிய மிதக்கும் வெடிக்கும் இதே பெயர் வைத்தார்கள். 1876-ல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரெஷாஃப் இரட்டை ஓடு வைத்த ‘அமரில்லிஸ்’ என்ற பாய்ப்படகைக் கட்டிப் பந்தயத்தில் ஓட்டினார். இன்று உலகம் முழுக்க ‘கேட்டமரன்’ என்றால் அந்த ஜாதிப் படகுதான். அதன் வடிவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது, பெயர் மட்டும் நம் மீனவர்களுடையது. அவர்களோ பெரும்பாலும் ஃபைபர் படகுக்கு மாறிவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் இனிமேல்தான் வருகிறது. ‘கானிகோபொலி’. உச்சரித்துப் பாருங்கள், என்னவோ சீட்டாட்டம் மாதிரி, மானோபொலியின் தம்பி மாதிரி இல்லை? அது நம்ம கணக்கப்பிள்ளை!

சிரித்து முடித்துவிட்டு அந்தக் கடைசி நான்கு எழுத்தைக் கவனியுங்கள். மானோபொலியில் இருப்பது விற்பனை என்ற கிரேக்கச் சொல், ஒருவனே விற்பது. கானிகோபொலியில் இருப்பது பிள்ளை. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் திருச்சிராப்பள்ளி ‘டிரிச்சினாபொலி’ என்று இருக்கும், அதிலிருப்பது பள்ளி. எழுத்து நான்கும் அப்படியே ஒன்று. வம்சம் மூன்று. இதைவிடப் பெரிய பாடம் எந்தப் பேராசிரியரும் எடுக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

கணக்கப்பிள்ளை ஐரோப்பிய எழுத்தில் ஏறியது ரொம்பப் பழைய காலத்தில். 1540-களில் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் சுற்றிய பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்களிலேயே அவர் இருக்கிறார். ஊர் ஊராக ஜபம் சொல்லிக் கொடுக்கவும், யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பிரசவம் என்று குறித்து வைக்கவும் சவேரியார் நம்பியது இந்தக் கணக்கப்பிள்ளைகளைத்தான். பிறகு கம்பெனி வந்தபோது, சென்னையில் ஒவ்வொரு வியாபாரியின் பக்கத்திலும் ஒரு கானிகோபொலி. வெள்ளைக்காரனுக்கு வராகன், பணம், காசு என்று கொட்டும் கணக்கை நேராக்கிக் கொடுத்தவர் அவர்தான். கல்கத்தாவில் கம்பெனியின் குமாஸ்தாக்களுக்கு ‘ரைட்டர்’ என்று பெயர். அவர்களுக்காகக் கட்டிய ரைட்டர்ஸ் பில்டிங் பல்லவன் பட்டறை மாதிரி நீண்டு இன்றும் நிற்கிறது. கானிகோபொலிக்குக் கட்டடம் இல்லை, அகராதியில் ஒரு வரி. ஆங்கிலத்தில் இன்று அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. தமிழில், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றில், வேலைக்காரர்களை மேய்க்கும் கணக்கப்பிள்ளையாக அவர் வேறு முகத்தோடு வருவார். அங்கே அவருக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை.

இப்படிச் சொல்லின் பூர்வீகம் தேடிய ஒரு பெரிய மனிதர் எங்கள் பேட்டையிலேயே வாழ்ந்தார். சுநீதி குமார் சட்டர்ஜி (1890–1977), வங்காள மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி 1926-ல் அவர் எழுதிய பெரிய நூல் இன்றும் அந்தத் துறைக்கு அடித்தளம். கரியாஹாட் பக்கம் ஹிந்துஸ்தான் பார்க்கில் வீடு. வங்காளத்து ஊர்ப் பெயர்களுக்குள் திராவிடச் சாயலைத் தேடியவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் திராவிடம் பற்றிச் சொற்பொழிவாற்றியிருக்கிறார். தன் பெயரையே தமிழாக்கி ‘நன்னெறி முருகன்’ என்று வைத்துக்கொண்டவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சுநீதி என்றால் நன்னெறி, குமார் என்றால் முருகன். என் வங்காளி சகாக்களிடம் இதைச் சொன்னால் அரை நாளைக்குக் காப்பி இலவசம்.

அவர்களோடு பேசும்போது ‘சி’ தெருவில் இன்னொரு வீடும் அடிபடும். ‘கட்ச்சரி’ என்று ஆங்கிலத்தில் உண்டு, அலுவலகம், நீதிமன்றம் என்று பொருள். வங்காளியில் ‘காச்சாரி’, ஜமீன் கணக்கு பார்க்கும் இடம். நம் ஊரில் தாலுகா கச்சேரி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். மூன்றும் ஒரே ஹிந்துஸ்தானிச் சொல்தான். ஆனால் தமிழில் மட்டும் அது சபையில் போய் உட்கார்ந்து தம்புரா மீட்ட ஆரம்பித்துவிட்டது. “சனிக்கிழமை சாயங்காலம் கச்சேரி, சீக்கிரம் கிளம்பணும்” என்று நான் சொன்னதற்கு, பக்கத்து மேஜைக்காரர் குரலைத் தாழ்த்தி, “என்ன கேஸ், தாதா?” என்று கேட்டார்.

மற்றவர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். குருந்தம் என்ற தமிழ்ப் பெயர்தான் கனிமவியலில் ‘கொரண்டம்’. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. 1798-ல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். மாணிக்கம், நீலம் இரண்டுமே வேதியியல்படி கொரண்டம்தான். வைரத்துக்கு அடுத்த கடினம். சுருட்டு ‘செரூட்’ ஆகி, 1887-ல் ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே திருச்சிச் சுருட்டின் சாம்பல் துப்பாகிவிட்டது. சாயவேர் ‘சாய்’ ஆனது. சோழமண்டலத் துணிகளின் சிவப்பு அதிலிருந்து வந்தது, 1869-க்குப் பிறகு ஆலைச் சாயம் வந்து அதைத் தள்ளிவிட்டது. கஞ்சி ‘காஞ்ஜி’யாகி ஹாங்காங் ஹோட்டல் மெனுவில் இருக்கிறது. பட்டாளத்து லாக்கப்புக்கும் ஒரு காலத்தில் ‘கஞ்சி வீடு’ என்று ஆங்கிலப் பெயர், உள்ளே போனால் கஞ்சிதான் என்பதால். கறியைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை, உலகத்துக்கே தெரியும்.

சாதியைக் குறிக்கும் ‘காஸ்ட்’டும் ‘சி’தான், அது போர்த்துகீசியச் சொல். பெயர் மட்டும் வெளியிலிருந்து வந்தது, சரக்கு முழுக்க உள்ளூர்.

கடைசியாக வைத்திருக்கும் சொல் கூலி. இதிலும் இரண்டு ஆட்கள் ஒரே முகத்தில் இருக்கிறார்கள். குஜராத்தில் கோலி என்றொரு சமூகம். போர்த்துகீசியர்கள் அவர்களை அறிந்திருந்தார்கள், அந்தப் பெயரிலிருந்தே சொல் பரவியது என்பது ஒரு கட்சி. தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கொடுக்கும் பணம், அதிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. இரண்டும் வழியில் கலந்துவிட்டன என்று யூலும் பர்னலும் கருதினார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? தமிழில் கூலி பணம், வாங்குகிறவர் கூலிக்காரர் அல்லது கூலியாள். ஆங்கிலத்துக்குப் போனதும் பணம் கழன்று விழுந்துவிட்டது. மனிதனே கூலி ஆகிவிட்டான். கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு இது சாதாரண விஷயமில்லை. செலவுக் கணக்கில் சம்பளம் என்று எழுத வேண்டிய இடத்தில், சரக்கு இருப்பில் ஆள் என்று எழுதிய மாதிரி.

அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தம் போட்டு ஆள் அனுப்பினார்கள். கொல்கத்தாவின் கிதிர்பூர் பக்கம், ஹூக்ளிக் கரையில், கப்பலேறும்வரை அவர்களை அடைத்து வைத்த டிப்போக்கள் இருந்தன. 2011-ல் அங்கே ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். பாலிகஞ்சிலிருந்து ரொம்ப தூரமில்லை, வருகிற உறவினர்களை விக்டோரியா மெமோரியலுக்கும் காளிகாட்டுக்கும் கூட்டிப் போகிறோமே, அந்தப் பக்கமும் ஒருமுறை கூட்டிப் போகலாம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. பத்தாம் நாள் கல்கத்தாவிலிருந்து ‘பெல்வெடெர்’ போய் நின்றது. 1911 வரை சுமார் 1,52,000 பேர், மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக. முதல் வருஷக் கூலி மாதம் 10 ஷில்லிங், அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி என்று 1895-ல் சட்டம் போட்டார்கள். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், ஆறு மாதக் கூலி. மனைவிக்கும் தனி, வளர்ந்த பிள்ளைகளுக்கும் தனி. கணக்குப் போட்டுப் பாருங்கள், குடும்பமே உழைத்தாலும் மிஞ்சாது.

அங்கே எல்லா இந்தியரும் ‘கூலி’தான். கடைக்காரர் கூலி வியாபாரி, காந்தி கூலி பாரிஸ்டர். தமிழர் பெயர்களில் வரும் ‘சாமி’யை எடுத்து ‘சாமி’ என்றும் இளக்காரமாகக் கூப்பிட்டார்கள். அர்த்தம் எஜமான் என்று தெரியாமலே! 1913-ல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். சிறைக்குப் போய் வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்துபோனாள், வயது பதினாறு. அதே வருஷம் 3 பவுன் வரி போயிற்று. சொல் போகவில்லை. இன்றும் தென்னாப்பிரிக்காவில் அது அசிங்கமான வசை.

2025 ஆகஸ்டில் ரஜினியின் ‘கூலி’ வந்தபோது கொல்கத்தா மால்களிலும் ஆங்கில எழுத்தில் ஆளுயர போஸ்டர் வைத்திருந்தார்கள். அந்தச் சமயம் எங்கள் நண்பர் வீட்டுக்கு டர்பனிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். நாலாவது தலைமுறை, தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, தெரிந்த தமிழ் சாப்பாட்டுச் சொற்களும் சில சாமி பெயர்களும்தான். போஸ்டருக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பிள்ளைகள் அதன் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்ததை ஒரு மாதிரி பார்த்தார். “இதை எப்படி இவ்வளவு பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்?” என்றார். பக்கத்தில் உட்கார வைத்து, எங்கள் பாஷையில் அது ஆளைக் குறிக்காது, செய்த வேலைக்கு வரவேண்டிய பணம் என்றேன். “அப்படியென்றால், கொடுக்க வேண்டிய பாக்கி?” என்று கேட்டார். அதேதான் என்றேன்.

தமிழில் எழுதிக் காட்டச் சொன்னார். சட்டைப்பையில் இருந்த ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தாகவே பார்த்துப் பழகியவர், கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இரண்டே எழுத்துதானா?” என்றார். ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.